கிளாஸ் பிசினஸும் பிசினஸ் கிளாஸும்

நான் கண்ணாடிக் கடைக்காரன். மூக்குக் கண்ணாடி. எங்கள் பகுதியில் பாதிப் பேர் உலகத்தைப் பார்ப்பது என் கடை லென்ஸ் வழியாகத்தான். ஆக, வாழ்நாள் முழுக்க கிளாஸ் பிசினஸ் செய்தவன். ஆனால் ஒரு நாளும் பிசினஸ் கிளாஸில் போனதில்லை.

இந்த அநியாயத்துக்கு ஒரு முடிவு கட்டுவது என்று பல வருஷங்களுக்கு முன்னால் சபதம் எடுத்தேன்.

சபதத்துக்குக் காரணம் என் கால்கள். நான் ஆறடி. அதில் முக்கால்வாசி கால்தான் என்று என் மனைவி சொல்வாள். மிச்சத்தில் மூளைக்கு இடம் இல்லையாம். மகளை வெளிநாட்டுக் காலேஜில் சேர்த்துவிட்டுத் திரும்பியபோது, விமானத்தில் என் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. முன்சீட்டுக்காரர் சாய்ந்ததும் அவருடைய வழுக்கை என் மடியில் வந்து விழுந்தது. கண்ணாடி அளவு எடுக்க வந்தவர் மாதிரியே இருந்ததால் நானும் பொறுத்துக்கொண்டேன்.

மனைவிக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அவள் ஆள் சின்னது. அதிகாரம்தான் பெரிசு. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விமானம் கிளம்புவதற்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள்.

நான் கால் மரத்துப்போய் எழுந்து நடந்தேன். நடந்த வழியில் ஒரு திரை. திரைக்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளி. எட்டிப் பார்த்தேன்.

படுத்திருந்தார்கள் ஐயா! விமானத்தில்! காலை நீட்டி, கம்பளி போர்த்தி, தலையணை வைத்து, ஒருக்களித்து! ஒரு பெரியவர் குறட்டைகூட விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குறட்டையில் ஒரு மரியாதை இருந்தது.

அப்போதே முடிவு செய்தேன். ஒரு தடவையாவது திரைக்கு அந்தப் பக்கம்.

ஊர் திரும்பியதும் அந்த டிக்கெட்டின் விலையை விசாரித்தேன். அந்த விலைக்கு இன்னொரு கண்ணாடிக் கடையே வைக்கலாம். சோர்ந்துபோய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் மேல்வீட்டுக்காரர் வந்தார்.

அவருக்குப் பைலட் என்று பெயர். பாங்க்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஸ்கூட்டருக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை பேத்தியைப் பார்க்கப் படுத்துக்கொண்டே பறப்பார். அதனால் வந்த பட்டம்.

"சார், காசு கொடுத்து பிசினஸ் கிளாஸ்ல போறவன் ஏமாளி" என்றார் பைலட். "மைல்ஸ்ல போகணும்."

"எத்தனை மைல் சார்? நடந்தேவா?"

"ஐயோ! ஏர்லைன் கொடுக்குற மைல்ஸ் சார். கிரெடிட் கார்டுல வாங்க வாங்க சேரும். உங்க கடைக்கு ஃபிரேமு, லென்ஸு எல்லாம் வாங்குறீங்கள்ல? கார்டைத் தேய்ங்க. தேய்க்கத் தேய்க்க மைல் ஏறும். ஏறினதைக் கொடுத்தா அவன் சீட்டைக் கொடுப்பான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னா நாடே படுத்துட்டுப் பறக்குமே! ஒவ்வொரு விமானத்துலயும் மைல்ஸுக்குன்னு ஒண்ணோ ரெண்டோ சீட்டுதான் விடுவான். எப்ப விடுவான்னு அவனுக்கே தெரியாது. தினமும் பார்க்கணும். இன்னிக்குக் கிழமை சரியில்லைன்னா நாளைக்கு. இந்த ஊர் வழி இல்லைன்னா அந்த ஊர் வழி. பொறுமை வேணும் சார், பொறுமை!"

எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் ஆயிற்று. பொறுமையை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

மறுவாரமே கார்டுக்கு விண்ணப்பம் போட்டேன். போன் நம்பர் கேட்ட இடத்தில் என் மனைவியின் நம்பரை எழுதினேன். 'லோன் வேணுமா சார்' என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிடுவார்களே, அந்த வம்பு அவளுக்குப் போகட்டும் என்ற நல்லெண்ணம்தான். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு தேய்த்தேன். லென்ஸுக்குத் தேய்த்தேன். ஃபிரேமுக்குத் தேய்த்தேன். நண்பர்களோடு சாப்பிடப் போனால் "பில்லை நான் கட்டுறேன், காசை என்கிட்ட கொடுத்திடுங்க" என்று பாய்ந்தேன். பக்கத்துக் கடைக்காரர் மெத்தை வாங்கப் போனபோது கூடவே போய் என் கார்டை நீட்டினேன். "என் மெத்தைக்கு நீங்க ஏன் சார் இவ்வளவு சந்தோஷப்படுறீங்க?" என்று அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

வருஷக்கணக்கில் மைல் ஏறியது. எனக்குப் பித்தமும் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்திலிருந்து மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள்.

"யாருங்க அந்த மயிலு?"

"மயிலா?"

"தூக்கத்துல 'மைலு, என் மைலு, இன்னும் கொஞ்சம் வந்தா போதும்'னு சிரிக்கிறீங்களே. யாரு அவ? எவ்வளவு கிட்ட வந்துட்டா?"

"அது... ஏர்லைன் மைல்ஸும்மா!"

"ஓஹோ. ஏர் ஹோஸ்டஸா?"

விளக்கிச் சொல்ல அந்தச் சாயங்காலம் முழுக்கப் போயிற்று. எல்லாம் கேட்டுவிட்டு, "வானத்துல படுக்குறதுக்கு பூமியில இவ்வளவு புரளணுமா?" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அத்தோடு அந்த விஷயத்தை அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மகள் போன் செய்தாள். படித்து முடித்து, கால்நடை டாக்டராகி, ஒரு பெரிய கிளினிக்கில் அடுத்தவருக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், சொந்தமாகவே ஒன்று தொடங்கப் போகிறாள்.

"நாய், பூனை, முயல், எல்லாத்துக்கும்ப்பா. ஒரு கிளிகூட இப்பவே பேரு பதிஞ்சிடுச்சு. திறக்குற அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் இருந்தே ஆகணும்!"

மனைவிக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. கலங்கிய கண்ணோடு நேராக லேப்டாப்பிடம் ஓடினேன்.

தேடினேன். இரண்டு சீட்டு. எந்தக் கிழமையிலும் இல்லை. எந்த ஊர் வழியாகவும் இல்லை. கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதனை செய்யும்போதுகூட, "இந்த எழுத்து தெரியுதா?" என்று கேட்டுவிட்டு நான் போனில் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். "எனக்குத் தெரியுது. உங்களுக்கு எதுவும் தெரியலையா?" என்றார் அவர்.

கடைசியில் பைலட்தான் வழி சொன்னார். "சாதா டிக்கெட் ரெண்டு வாங்கிடுங்க. அப்புறம் மைல்ஸைக் கொடுத்து முன்னால மாத்திக் கேளுங்க. காலியா இருந்தா ஏத்திடுவான்."

அப்படியே செய்தேன். வாங்கினேன். கேட்டேன். காத்திருந்தேன். ஒரு நாள் காலை, மனைவி சமையலறையில் இருந்தாள். நான் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். பதில் வந்திருந்தது.

கிடைத்துவிட்டது! ஆனால் ஒரே ஒரு சீட்டு. ஒருவர் மட்டும் மாறலாம். யார் என்று நாமே சொல்லவேண்டும்.

வாசகர்களே, நான் கெட்டவன் இல்லை. ஆனால் நியாயமாக யோசித்துப் பாருங்கள். ஆறடி ஆளுக்குப் படுக்கை தேவையா, சம்மணம் போட்டுத் தூங்குகிறவளுக்குத் தேவையா? அவளைப் படுக்கையில் போட்டால் பாதிப் படுக்கை வீண். தேசத்துக்கே நஷ்டம். என் பெயருக்கு எதிரே ஒரு தட்டுத் தட்டினேன்.

சமையலறையில் அவளுடைய போன் 'டிங்' என்றது. யாரோ குட் மார்னிங் அனுப்பியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லவேண்டியதில்லை! விமான நிலையத்துக்குப் போனதும், கவுன்ட்டர் பெண்ணே என் வேதனையைப் பார்த்து மனமிரங்கி மாற்றிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னால் போயிற்று. அதற்கு ஒரு வேதனை வேண்டும். முதுகுவலி என்று முடிவு செய்தேன். முதுகுவலியை எந்த எக்ஸ்ரேயிலும் பிடிக்க முடியாது.

அன்றைக்கே ஆரம்பித்தேன். செருப்பு மாட்டக் குனிந்தவன் பாதியில் நின்றேன்.

"ஆ!"

"என்னங்க?"

"ஒண்ணுமில்லம்மா. முதுகுல சுளீர்னு ஒண்ணு."

"எந்தப் பக்கம்?"

"வலது... இடது... பொதுவா."

"பொதுவாவா?"

"எல்லாப் பக்கமும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த பார்வை. அந்தப் பார்வைக்கு பவரே தேவையில்லை. ஆனால் அடுத்த நிமிஷமே அவள் முகம் கனிந்துவிட்டது.

"பாவம், கடையில நின்னு நின்னு தேஞ்சிருக்கும். இனிமே குனியாதீங்க. நான் மாட்டிவிடுறேன்."

செருப்பு மாட்டிவிட்டாள். வெந்நீர்ப் பை வைத்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வலி முன்னாலேயே வந்திருக்கக்கூடாதா என்று எனக்கு ஏக்கமாகக்கூட இருந்தது. நான் முனகும் இடங்களை மெருகேற்றினேன். மாடிப்படியில் ஒரு முனகல். சோபாவில் ஒரு முனகல். பைலட் எதிரே வந்தால் ஒரு பெருமூச்சு.

பயணத்துக்கு முந்தின வாரம் அவள் சொன்னாள்: "ஏங்க, இவ்வளவு வலியோட அவ்வளவு தூரம் எப்படிப் போவீங்க? எங்க எலும்பு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாம்."

எனக்கு உள்ளூரக் குஷி. டாக்டரே 'இவரைப் படுக்கவைத்துக் கூட்டிப்போங்கள்' என்று சொல்லிவிட்டால், என் கதைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆகுமே!

எலும்பு டாக்டர் மனைவியோடு வெகுகாலம் வேலை பார்த்தவர். அவள் ஏதோ தனியாகப் பேசிவிட்டு வந்தாள். அப்புறம் என்னைக் கவிழ்த்துப் போட்டார். தட்டினார். மடக்கினார். இதுவரை பொய்யாக இருந்த வலி அந்த மேஜையில்தான் முதன்முதலாக நிஜமானது.

"சார், நீங்க படுக்கவே கூடாது" என்றார்.

"என்னது?"

"பயணத்துல சொல்றேன். மெத்துன்னு இருக்குற எதுலயும் சாயக்கூடாது. நேரா, விறைப்பா உட்காரணும். நல்லவேளை, சாதா சீட்டு அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். அடிக்கடி எழுந்து நடக்கணும்."

"டாக்டர், படுத்தா எனக்கு நல்லாயிருக்கு!"

"எல்லாருக்கும் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார் டாக்டர். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் கொஞ்சம் குலுங்கியது. என் நிலைமையை நினைத்து அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, நீங்க என்கிட்ட ஒரு விஷயத்தை மறைக்கிறீங்க."

கார் குப்பைத்தொட்டியில் உரசித் தப்பித்தது.

"எ... என்ன விஷயம்?"

"பிசினஸ் கிளாஸ்ல ஒரு சீட்டு கிடைச்சிருக்கு."

"யாரு சொன்னா?"

"மெசேஜ் வந்துச்சு. என் போனுக்கு. எல்லா மெசேஜும் என் போனுக்குத்தானே வருது. லோன்காரங்களும் என்னைத்தானே கூப்பிடுறாங்க."

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு சர்ப்ரைஸாத் தரணும்னுதானே சொல்லாம வச்சிருந்தீங்க? ராத்திரி பகல்னு வார்டுல நிக்கிறா, இவளாவது காலை நீட்டிட்டு வரட்டும்னு நினைச்சீங்க. நீங்க வாய்விட்டுச் சொல்ல மாட்டீங்க. எனக்குத் தெரியாதா?"

"அது வந்து..."

"ஆனா நீங்க அவசரத்துல தப்பாத் தட்டிட்டீங்க. உங்க பேர்ல விழுந்திருந்துச்சு. ஏர்லைனுக்குப் போன் பண்ணினேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. அவங்கம்மாவும் நர்ஸாம். பேசிட்டே இருந்தோம். உடனே என் பேருக்கு மாத்திக் கொடுத்துட்டா. நீங்கதான் படுக்கவே கூடாதே, பாவம்."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். காரணம்தான் வேறு வேறு.

பயண நாள் வந்தது. விமானத்தில் ஏறியதும் அவள் இடது பக்கம் திரும்பினாள். நான் வலது பக்கம் தள்ளப்பட்டேன். கடைசி வரிசை, கழிவறைச் சுவரை ஒட்டி. பக்கத்தில் பளுதூக்கும் வீரர் மாதிரி ஒருவர். அவர் தன் சீட்டையும் என் சீட்டில் பாதியையும் வாங்கியிருந்தார். முன்னால் இருந்த திரையில் படம் வரவில்லை. எங்கே பறக்கிறோம், எவ்வளவு தூரம் மிச்சம், ஒன்றும் தெரியவில்லை.

விளக்கை அணைத்தார்கள். வீரரின் தோள் அகலமாக, மெத்தென்று இருந்தது. கண் சொக்கியது. யாரோ தட்டினார்கள். பணிப்பெண்.

"சார், முன்னாலருந்து மேடம் சொல்லி அனுப்பினாங்க. நீங்க எழுந்து நடக்கணுமாம்."

நடந்தேன். உட்கார்ந்தேன். கண் சொக்கியது. மறுபடி தட்டல்.

"சார், மேடம்..."

"மேடம் தூங்கலையாம்மா?"

"இல்ல சார், படம் பார்த்துட்டிருக்காங்க. உங்களைப் பத்தித்தான் கவலை. எவ்வளவு அன்பு சார்!"

நடந்தேன். விமானத்துக்குள் நான் நடந்த தூரத்துக்குத் தனியாக மைல்ஸ் கொடுத்திருக்கலாம். திரைக்கு இந்தப் பக்கம் வரை போவேன். இடைவெளியில் பார்ப்பேன். ஒரு கம்பளிக் குவியல். அதன் நுனியில் என் மனைவியின் பாதங்கள். அவற்றுக்கு அப்புறமும் ஒரு ஆள் படுக்கிற இடம் காலியாகக் கிடக்கும். திரும்பி வருவேன்.

ஒருவழியாகத் தட்டல் நின்றது. வீரரின் தோளில் விழுந்து செத்தவன் மாதிரி தூங்கிவிட்டேன். சாப்பாடு வந்ததாம், போனதாம். எதுவும் தெரியாது.

"எந்திரிங்க" என்று ஒரு குரல். கண்ணைத் திறந்தால் மனைவி. முகம் கழுவி, தலை வாரி, பூ மாதிரி நின்றாள்.

"போங்க. இனிமே அந்த சீட்டு உங்களுது. நான் இங்க உட்கார்ந்துக்கிறேன்."

"நிஜமாவா? டாக்டர் கூடாதுன்னாரே?"

"அவர் கிடக்கிறார். உங்க மனசு எனக்குத் தெரியாதா? எத்தனை நாள் ஆசை! மைலு மைலுன்னு தூக்கத்துல புலம்பின மனுஷனாச்சே. பணிப்பெண்கிட்ட சொல்லிட்டேன். போங்க."

பக்கத்து வீரர் விழித்துக்கொண்டார். "இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும் சார்" என்றார். எவ்வளவு பெரிய மனசு! இவளையா ஏமாற்றப் பார்த்தேன்? இனிமேல் வாழ்நாளில் இவளிடம் ஒரு பொய் சொல்வதில்லை என்று, அந்தக் கழிவறை வாசலிலேயே முடிவு செய்தேன்.

திரையை விலக்கினேன். உள்ளே போனேன். உட்கார்ந்தேன்.

ஆஹா! முழங்கால் முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. நீட்டினேன். நீண்டது. இன்னும் நீட்டினேன். இன்னும் நீண்டது. என் கால் இவ்வளவு நீளம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கையில் ஒரு பழரசக் கோப்பையைக் கொடுத்தார்கள். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மனைவி கைப்பையை எடுக்கப் பின்னாலேயே வந்தாள்.

"சிரிங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். கோப்பையை இன்னும் கொஞ்சம் தூக்குங்க. ஆங், அப்படித்தான்!"

காதுவரை சிரித்தேன். எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கண்ணை மூடி, படுக்கையாக்கும் பொத்தானை அமுக்கினேன். சீட்டு மெல்ல, சொகுசாக, ஒரு பெருமூச்சோடு கீழே சாயத் தொடங்கியது. பாதி சாய்ந்திருக்கும்.

"பயணிகள் கவனத்திற்கு. விமானம் தரையிறங்கப் போகிறது. இருக்கைகளை நேராக நிமிர்த்திக்கொள்ளுங்கள்."

பணிப்பெண் வந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள். கம்பளியையும் வாங்கிக்கொண்டாள். நான் டாக்டர் சொன்ன மாதிரியே நேராக, விறைப்பாகத் தரையிறங்கினேன்.

பரவாயில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரமானாலும் திரைக்கு அந்தப் பக்கம்தானே! நானும் போனேன், நானும் நீட்டினேன். திரும்பிப் போகும் பயணம் வேறு முழுசாக மிச்சம் இருக்கிறது. மைல்ஸும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதில் நிச்சயம் ஒரு வழி பார்க்கலாம் என்று உற்சாகமாகப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

மகள் ஓடி வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சுற்றிச் சுற்றி முத்தம் கொடுத்தாள். கிளினிக் போர்டு மாட்டியாயிற்று, கிளி காத்திருக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பார்க்கவே மனசு நிறைந்தது. நானும் கையை விரித்தேன்.

மகள் என்னைப் பார்த்தாள். அப்படியே அவள் அம்மாவின் பார்வை.

"ஏன்ப்பா, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

"என்னம்மா?"

போனை நீட்டினாள். குடும்பக் குழுவில் போட்டோ. கம்பளி, பழரசம், காதுவரை சிரிப்பு. பக்கத்திலேயே இன்னொரு போட்டோ. பளுதூக்கும் வீரருக்கும் கழிவறைச் சுவருக்கும் நடுவில் குட்டியூண்டு என் மனைவி. கீழே ஒரு வரி: 'அப்பாவுக்கு முதுகுவலி. அதனால் நல்ல சீட்டை அவருக்கே கொடுத்துவிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதே.'

"பாதி உலகத்தைத் தாண்டி அம்மாவைப் பின்னால நசுங்க விட்டுட்டு, நீங்க மட்டும் முன்னால ஜூஸ் குடிச்சிட்டு வந்திருக்கீங்க!"

"ஐயோ, அது கடைசியில கொஞ்ச நேரம்தான்..."

"விடுடா கண்ணு" என்றாள் மனைவி. "அப்பாவை ஒண்ணும் சொல்லாதே. ஆசைப்பட்டார், அனுபவிச்சார். எனக்கு அதுவே போதும்."

"நீ இப்படியே இரும்மா!" என்ற மகள் என் பக்கம் திரும்பினாள். "என்கிட்டயும் மைல்ஸ் இருக்கு. போட்டோவைப் பார்த்ததும் ரிட்டர்ன்ல அம்மாவுக்கு பிசினஸ் கிளாஸ் போட்டுட்டேன். உங்களுக்குப் பின்னாலதான்ப்பா, நீங்கதான் வரும்போதே வழியெல்லாம் படுத்துட்டு வந்துட்டீங்களே!"